எண்பதைத் தாண்டினால்

"அண்ணே, புது டயர் போட்டா பைக்குக்கும் பேலன்ஸிங் பண்ணணுமா, இல்ல அதெல்லாம் காருக்குத்தானா?" என்று கேட்டார் மருந்துக் கம்பெனிப் பையோடு வந்திருந்த வாடிக்கையாளர்.

இந்தக் கேள்விக்கு டயர்காரர் இருபது வருடமாக ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். "பல்லு விளக்குற மாதிரிதாங்க. விளக்கலன்னா செத்துப் போயிட மாட்டீங்க. ஆனா கூட இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிரும்" என்பார். கேட்டவர் சிரிப்பார், அவரும் சிரிப்பார், சக்கரம் பேலன்ஸ் பார்க்கும் ஸ்டாண்டில் ஏறும். ஏழு மாதமாக அந்தப் பதில் அவர் வாயில் வருவதில்லை. அதில் வருகிற 'செத்து' என்ற சொல்லை அவரால் தாண்ட முடிவதில்லை. "பண்ணிடலாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு சக்கரத்தையும் சரிபார்த்து, கனம் குறைந்த பக்கம் ஈயத் துண்டு ஒட்டி அனுப்பினார். பிறகு நடுப்பகலிலேயே ஷட்டரைப் பாதி இறக்கினார்.

கடையின் பின்மூலையில் மகனுடைய வண்டி நின்றது. நேற்றுதான் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விட்டார்கள். ஏழு மாதம் வெயிலிலும் மழையிலும் கிடந்து சேறும் தூசியும் அப்பியிருந்ததே தவிர, வண்டிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஒரு பக்கக் கண்ணாடி போயிருந்தது, கால் வைக்கும் கம்பி வளைந்திருந்தது, அவ்வளவுதான். வளைவில் சரிந்து மணலில் சறுக்கிப் போய்ப் படுத்துக்கொண்டது வண்டி. பிள்ளை போய் விழுந்த இடத்தில் கல் இருந்தது.

'வேகம், ஈரமான சாலை' என்று போலீஸ்காரர் எழுதினார். ஊரும் உறவும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டன. டயர்காரர் மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவருக்குத் தெரிந்த ஒன்று வேறு யாருக்கும் தெரியாது. கட்டிய மனைவிக்கும் தெரியாது.

பக்கத்து ஊரில் வேலை கிடைத்ததிலிருந்து மகன் தினமும் நாற்பது கிலோமீட்டர் போய்வந்தான். போகிறவன் ஒழுங்காகப் போக வேண்டாமா? முறுக்கினால் தொண்ணூறு, நூறு. அப்பா திட்டிப் பார்த்தார், அம்மா அழுது பார்த்தாள். வாய் வலித்ததுதான் மிச்சம். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டு, கன்னத்தைக் கிள்ளிச் சமாதானம் பண்ணுகிற பிள்ளை அவன். அதனால்தான் முன் டயர் தேய்ந்து புதிது போட வந்த அன்று, டயர்காரர் தன் தொழிலில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். புது டயரில் கனம் குறைந்த இடத்தில் மஞ்சள் பொட்டு வைத்திருப்பார்கள். காற்றடைக்கும் வால்வு இருக்கிற பக்கம் கனமானது என்பதால் பொட்டையும் வால்வையும் ஒன்றாகச் சேர்த்து மாட்டுவதுதான் முறை. அவர் பொட்டை நேர் எதிர்ப்பக்கம் வைத்து மாட்டினார். சக்கரத்தை ஸ்டாண்டில் ஏற்றவும் இல்லை. எழுபது வரை ஒன்றும் தெரியாது. எண்பதைத் தாண்டினால் ஹேண்டில் கையில் நடுங்கும். அப்பன் பேச்சைக் கேட்காதவன் வண்டி பேச்சையாவது கேட்பான் என்று மனக்கணக்குப் போட்டார். இந்த ஆட்டம் யாரையும் தள்ளிவிடாது, எரிச்சலூட்டும், அவ்வளவுதான். இருபது வருடத் தொழிலை நம்பித்தான் செய்தார். மூன்று வாரம் கழித்து ஒரு மழைக்காலையில் ஃபோன் வந்தது.

அன்று முதல் ராத்திரி பகல் பாராமல் ஒரே கேள்விதான். அந்த வளைவில் கை நடுங்கியிருக்குமோ? நடுங்கிய கையோடுதான் பிரேக்கைப் பிடித்தானோ?

முன் சக்கரத்தைக் கழற்றினார். டயரை ஈரத்துணியால் துடைத்தார். ரிம்மைப் பார்க்கத் தைரியமில்லாமல் மேலோட்டமாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஸ்டாண்டில் ஏற்றினார். விட்டால் கனமான பக்கம் கீழே வரும்; கனம் சமமாக இருந்தால் சக்கரம் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். வால்வுதான் கீழே வர வேண்டும். அவர் செய்த வேலை அது, அவருக்குத் தெரியாதா?

சுற்றிவிட்டார். வால்வு பக்கவாட்டில் நின்றது. மறுபடி சுற்றினார். இந்த முறை உச்சியில் நின்றது, நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. வால்வுக்கு நேர் எதிரே, ரிம்மின் உட்பக்கம், காய்ந்த சேற்றுக்குள் விரலை விட்டுத் தடவினார். வரிசையாக நான்கு ஈயத் துண்டுகள் தட்டுப்பட்டன. அவர் ஒட்டுகிற வகையில்லை. வேறு யாரோ ஒட்டியது.

மனைவி ஷட்டருக்குக் கீழே குனிந்து சாப்பாட்டுக் கூடையோடு உள்ளே வந்தாள். தைத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தாள், முந்தானையில் இன்னும் ஊசி குத்தியிருந்தது. சக்கரத்தைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தாள்.

"அவன் வண்டியோடதுங்களா?"

"யாரோ பேலன்ஸ் பண்ணியிருக்காங்க. நான் பண்ணல."

அவள் முந்தானை ஊசியைப் பிடுங்கிக் கூடையில் குத்தினாள். "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினான். டயர் போட்ட நாலாம் நாள், எண்பதுக்கு மேல போனா வண்டி ஆடுதும்மான்னு வந்து சொன்னான். எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. ஆடுற வண்டியில போகாதடா, இன்னிக்கே சரி பண்ணிட்டு வான்னு விரட்டினேன். அப்பாகிட்ட போடான்னா கேக்கல. 'அவர் பேலன்ஸ் பண்ண மறந்துட்டாரு போல. இத்தன வருஷத்துல ஒரு நாள் மறந்துட்டோம்னு தெரிஞ்சா உடைஞ்சிருவாரும்மா'ன்னு வேற கடைக்குப் போனான்."

டயர்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தன் கையால் சாகவில்லை பிள்ளை. ஏழு மாதமாக நெஞ்சில் கிடந்த பாறை நகர்ந்த அந்த நொடியிலேயே, தன் மனம் நோகக்கூடாதென்று மகன் வேறொருவர் கடையில் போய் நின்றது கண்ணில் வந்தது. விசும்பி அழுதார். அந்த அழுகையோடு நின்றிருக்கலாம். விழுங்கியிருக்க வேண்டியது வாயில் வந்துவிட்டது.

"நான் மறக்கல. வேணும்னேதான் விட்டேன். ஆடினா பயந்து மெதுவா போவான்னு."

சொன்னபின்தான் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அழவில்லை. கணவனைத் திட்டவும் இல்லை. எதையோ மனதுக்குள் எண்ணிக் கூட்டுகிறவள் போல உதடு மட்டும் அசைந்தது.

"அப்ப நான் சும்மா இருந்திருந்தா, அது ஆடிக்கிட்டே இருந்திருக்கும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ரோடு ஈரம். போலீஸே எழுதியிருக்கான்ல."

"அவனும் மெதுவாவே போயிருப்பான்."

"இந்தா, அப்படியெல்லாம் நினைக்காத. என்னைப் பாரு."

ஏழு மாதமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள்தான். தனக்கே பலிக்காதவை அவளுக்கா பலிக்கப் போகின்றன? அவர் சுமந்ததை அவர் கையாலேயே தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டார், இனி அதைத் திரும்ப வாங்கவும் வழியில்லை.

அவள் பக்கத்தில் வந்து சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினாள். அது சத்தமில்லாமல் சுற்றி, வேகம் குறைந்து, வால்வு மேலுமில்லாமல் கீழுமில்லாமல் ஓரிடத்தில் நின்றது. மறுபடி தள்ளினாள். இந்த முறை எங்கே நிற்கும் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.