நியூராமினிடேஸ் பற்றி ஓர் உரை

தெப்ராவில் ஒரு தனியார் கல்லூரி அரங்கு. பேராசிரியர் விஜயேந்திரன் மைக்கைப் பிடித்ததுமே அவருடைய உதவியாளர் ஜோஆனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் பரிசோதித்து, அவருக்கு இன்ஃபுளுவென்சா என்று சொன்னவளே அவள்தான். "மாஸ்க்காச்சும் போடுங்க சார்" என்று கெஞ்சியும் பார்த்தாள்.

"மாஸ்க் போட்டா குரல் எடுபடாது லா!"

படித்த படிப்பெல்லாம் எதற்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"செல்லுக்குள்ள பெருகின வைரஸ், வெளிய வந்ததும் செல்லு மேலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். நியூராமினிடேஸ்ங்கிற நொதி கத்தரிக்கோல் மாதிரி அந்தப் பிடிய வெட்டி விட்டாதான் அது பரவும். எப்படின்னா..."

அடக்க முடியாமல் இருமினார். முன்வரிசையில் இருந்தவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"எப்படின்னு அடுத்த படத்துல பாக்கலாம்."

ஜோஆன் விருட்டென்று எழுந்து கணினியை அறைந்து மூடினாள்.

"படம் எதுக்கு சார்? அதான் நேர்லயே காட்டிட்டீங்களே!"