மடுவுக்கு ஏழு

நீர்நாய்களுக்கு விஷம் வைப்பது என்று பாலத்தடியில் கூடிப் பேசிய அன்று, கணக்குச் சொன்னவர் செல்லக்கண்ணுதான்.

"மடுவுக்கு ஏழு. அஞ்சு மடுவுக்கு முப்பத்தஞ்சு. நாணலுக்குள்ள படுத்துக் கிடக்கறது ஒரு பதினஞ்சு இருக்கும். ஆக மொத்தம் அம்பதுக்குக் குறையாது. நாலஞ்சு செத்தா மத்தது மிரண்டு ஓடிரும். ஆறு ஒண்ணும் அதுக்காக அழாது."

இருப்பவர்களில் மூத்தவர் அவர். கணக்கும் சரியாகத்தான் இருந்தது. ஐந்து பேரும் அவரவர் மடுவில் ஏழு நாயைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை.

மேட்டூரில் தண்ணீரை அடைத்துவிட்டால் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடம் வெறும் மணலாகிப் போகும். அங்கங்கே பள்ளத்தில் தேங்குகிற தண்ணீர்தான் மடு. ஆற்று மீன் மொத்தமும் அதற்குள் ஒண்டிக்கொண்டு கிடக்கும். பஞ்சக்கரைப் பக்கத்து ஐந்து வீட்டுக்காரர்களும் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கொரு மடுவை எடுத்துக்கொள்வார்கள். எடுத்த பிறகு, புதுத் தண்ணீர் வரும்வரை ஒருத்தன் மடுவில் இன்னொருத்தன் கால் வைக்கக் கூடாது. வேடிக்கை பார்க்கக்கூடப் போக மாட்டார்கள். போனால், எதற்கு வந்தான் என்று பேச்சு வரும். மீறி இறங்கிவிட்டால், இறங்கினவனுடைய மடு அந்தக் கோடை முழுக்க மற்றவனுக்குப் போய்விடும். இதற்கெல்லாம் எழுதி வைத்த சட்டம் கிடையாது. எழுதி வைத்ததைவிடக் கெட்டி.

ஐவரில் ஒருவனான அடைக்கலம் இன்று மதியம் தன் மடுவில் மருந்து வைத்துவிட்டான். வாழைக்குப் போடுகிற குருணை மருந்தைக் கெண்டை வயிற்றில் திணித்து, பழைய வலையில் கோத்து, நாய்கள் இறங்குகிற துறையில் கட்டியிருந்தான். நீர்நாய்க்கு வலையில் மாட்டின மீன் என்றால் உயிர். வைத்துவிட்டு, லால்குடியில் மச்சான் வீட்டுக் காதுகுத்துக்கு பஸ் ஏறிவிட்டான்.

வெயில் இறங்காத நேரத்தில் செல்லக்கண்ணு வீட்டு வாசலில் குரல் கேட்டது.

"தாத்தா, இருக்கீங்களா?"

"இருக்கேன். போய்ச் சேந்தா சொல்லி அனுப்புவாங்க."

லின்சி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே வந்தாள். மன்னார்புரத்துப் பெண். கல்லூரியில் நீர்நாயைப் பற்றிப் படிக்கிறாளாம். மணலில் கிடக்கும் நாய்ப் பீயைக் குச்சியால் கிள்ளி டப்பாவில் போட்டு எடுத்துப் போவாள். 'பீ பொறுக்கற பொண்ணு' என்றுதான் அந்த வீட்டில் அவளுக்குப் பெயர். செல்லக்கண்ணு அவளை நம்பியதில்லை. படித்தவர்கள் ஆற்றுக்கு வந்தால் பின்னாலேயே ஒரு போர்டும் வரும் என்பது அவர் கண்டது. இங்கே குளிக்காதே. இங்கே வலை போடாதே.

"ரிசல்ட் வந்துருச்சு தாத்தா. அஞ்சு மடுவுல எடுத்ததையும் லேபுக்கு அனுப்பியிருந்தேன்ல."

"என்னவாம்? நாய்க்குச் சர்க்கரை இருக்காமா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு நிலைக்கவில்லை. "எல்லாமே ஒரு குடும்பம் தாத்தா. அப்பா, அம்மா, அஞ்சு குட்டி. மொத்தமே ஏழுதான். பாலத்துக்கு மேலயும் கீழயும் ரொம்ப தூரம் நடந்து பாத்துட்டேன். வேற எதுவும் கிடைக்கல."

"பீயப் பாத்துக் குடும்பம் சொல்றியா? எங்க ஜோசியக்காரன் கைரேகையாச்சும் பாப்பான்."

"ஏழே ஏழுன்னா எப்படின்னு யோசிங்க. ஒரு நோய் வந்தாப் போதும். தாய் ஒண்ணு செத்தாப் போதும், குட்டிங்க பொழைக்காது. போனா வேற எங்கேர்ந்தும் இங்க வந்து சேராது. எனக்குப் பயமா இருக்கு."

"பயந்துக்கோ. அம்பது நாயி எங்க வலையக் கிழிக்குது. நாங்க யார்கிட்ட போய்ப் பயப்படறது?"

அவள் பையை மாட்டிக்கொண்டாள். "அடைக்கலம் அண்ணன் மடுப் பக்கம் புதுசா ஏதும் இருக்கான்னு பாத்துட்டுக் கிளம்பறேன்."

செல்லக்கண்ணு எழுந்து நின்றார். அந்த வலையை இவள் பார்த்தால் போதும், சாயங்காலத்துக்குள் ஃபாரஸ்ட் ஜீப் வந்து நிற்கும்.

"அங்க போகாத புள்ள. லாரிக்காரன் அள்ளுன குழி. மேல மணல் மாதிரி இருக்கும், கால வச்சா இழுத்துரும். மாடே மாட்டிக்கிச்சு."

"அந்தப் பக்கம் நான் நடந்திருக்கேனே."

"நடந்திருப்ப. இப்போ நட, தெரியும்."

அவள் அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். அப்புறம், காலையில் வருகிறேன், யாராவது கூட வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் பீடியைப் பற்ற வைத்தார். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏழு என்று அவள் சொன்ன விதம், விலை பேசுகிறவன் சொல்வதுபோல இல்லாமல், ஆஸ்பத்திரியில் சொல்வதுபோல இருந்தது.

டோல்கேட்டில் மீன் விற்றுவிட்டு ராசாத்தி திரும்பினாள். ஐந்து மடு மீனையும் ரோட்டோரம் வைத்து விற்பது அவர் மனைவிதான். காலி அலுமினியச் சட்டியை இறக்கி வைத்தவள், முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு நம்ம மடுவுல சின்ன வலை போடாதீங்க. நாயி வரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இன்னிக்கு பனமரத்து மடுக்காரன் கூடையில பாதி மீனு கடிச்ச மீனு. இருட்டுறதுக்குள்ள அடைக்கலம் மடுவுல இறங்கும். அங்க முடிச்சிட்டு நாளைக்கு நம்ம மடு. எப்பவும் அந்த வரிசைதானே."

"என்ன வரிசை?"

"என்ன கேக்கறீங்க? அஞ்சு கூடையும் என்கிட்டத்தான் வருது. ஒரே நாள்ல ரெண்டு கூடையில கடிச்ச மீனு வந்து நான் பாத்ததே இல்ல. ஒருத்தன் அழுதா மத்த நாலு பேரும் அன்னிக்குச் சிரிப்பான். அத வச்சுத்தான் ஓட்டல்காரங்களுக்கு நாளைக்கு விரால் உண்டு இல்லன்னு சொல்லி வைக்கறேன்."

பீடி கையில் அணைந்துபோயிருந்தது. அவரவர் மடுவில் அவரவர் ஏழு. அடுத்தவன் மடுவை எட்டிப் பார்த்திருந்தால், அங்கே நாய் வந்த அன்று இங்கே வரவில்லை என்பது தெரிந்திருக்கும். எவனும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பது முறை.

"இத ஏன்டி அன்னிக்குச் சொல்லல?"

"பாலத்தடிக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டீங்களோ?"

அவர் போனை எடுத்து அவளிடம் நீட்டினார். "அடைக்கலத்துக்குப் போடு."

மூன்றாவது முறைதான் எடுத்தான். பின்னால் ஒலிபெருக்கி அலறியது.

"மாமா, சாப்பாடு பலம். வந்திருக்கலாம்ல?"

"மாப்ள, அந்த வலைய எடுத்துரணும். நம்ம கணக்குத் தப்பு. மொத்தமே ஏழுதான்டா இருக்கு. சுத்திச் சுத்தி வர்றது ஒரே கூட்டம்."

"யாரு சொன்னா, பீ பொறுக்கற பொண்ணா?"

"உன் அத்தை சொல்றா."

அடைக்கலம் சிரித்தான். "அன்னிக்கு அம்பதுன்னது யாரு? நீங்கதானே?"

"நான்தான். தப்பு. நான் போய் எடுத்துரட்டா?"

அவன் குரல் மாறியிருந்தது. "மாமா, உங்க மடுவுல மீனு கொறையுதுன்னு எனக்கும் தெரியும். என் மடுவுல இறங்கறதுக்கு நாய்க்கதை சொல்லாதீங்க. நான் சரின்னு சொல்ல மாட்டேன். இறங்குனா முறை என்னன்னு உங்களுக்கே தெரியும்."

"எத்தனை மீனு வச்ச? அதையாச்சும் சொல்லு."

"எண்ணியா வச்சேன்? பத்து இருக்கும். பன்னெண்டும் இருக்கும்." போன் நின்றுவிட்டது.

செல்லக்கண்ணு அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் இடத்தில் இவர் இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார். சூரியன் முக்கொம்புப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. மடு போனால் ஆடி வரைக்கும் வலையைச் சுருட்டி வைக்க வேண்டியதுதான். இந்த வயதில் யார் படகில் போய்க் கூலிக்கு நிற்பது? நாய்கள்மேல் அவருக்கு ஒரு பாசமும் இல்லை. ஆனால் அம்பது என்று சொன்ன வாய் அவருடையது. அந்த வாயை நம்பித்தான் அவன் மருந்து வைத்தான்.

உரச்சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தார். "எங்க?" என்றாள் ராசாத்தி. "மடுவத் தொலைக்க" என்றார்.

மணல் இன்னும் சுட்டது. ஓட முடியவில்லை, நடக்கவே மூச்சு வாங்கியது. வழியில் ஈரக் கால்தடங்கள் குறுக்கே போயிருந்தன, பெரியதும் சின்னதுமாக, அடைக்கலத்தின் மடுவைப் பார்த்து. ஈரம் காயவில்லை. அவர் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே நடந்தார், யாரை என்று தெரியாமல்.

மடுவின் விளிம்பில் கால்கள் தாமாக நின்றன. நாற்பது கோடையில் அடுத்தவன் மடுவின் விளிம்பை அவர் தாண்டியதில்லை. எதிர்க்கரை நாணலுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு விசில் வந்தது. அதற்கு இன்னொன்று பதில் சொன்னது. அவர் வேட்டியோடு இறங்கினார்.

இடுப்புத் தண்ணீரில் வலை நுனியைப் பிடித்து இழுத்து, கோத்திருந்த மீன்களைச் சாக்கில் பிடுங்கிப் போட்டார். ஒன்று, இரண்டு என்று சத்தமாகவே எண்ணினார். பத்து வந்தது. பதினொன்றாவது, கடைசி முடிச்சில் மீன் இல்லை. செவுள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

தலையைத் தூக்கினார். தண்ணீரில் தட்டையான தலைகள் இவரைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. அவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தண்ணீரை அறைந்தார். "போ. சனியனே, போ." தலைகள் மூழ்கின. எங்கேயோ தள்ளி எழுந்தன. எத்தனை என்று எண்ணுவதற்குள் நாணல் மூடிக்கொண்டது.

செவுளை விட்டுவிட்டுத் தின்றது எது? கொக்காக இருக்கலாம். ஆமையாக இருக்கலாம். கரையேறி மீனையெல்லாம் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கிறவரை இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கையை சோப்புப் போட்டுக் கழுவினார். அப்புறம் அடைக்கலத்துக்குப் போன் செய்தார்.

"இறங்கிட்டேன். என் மடு உனக்கு. ஆனா விடியக்காலையில ஒரு காரியம் செய்யணும். அஞ்சு மடுவுலயும் ஒரே நேரத்துல ஆள் நிக்கணும். நாயி எங்க இருக்குன்னு போன்ல சொல்லணும். அம்பதா ஏழான்னு நீயே பாரு."

அடுத்து லின்சி. அவள் நம்பர் ராசாத்தியிடம் இருந்தது. எப்போது வாங்கி வைத்தாள் என்று அவர் கேட்கவில்லை.

"புதைமணல் இல்ல புள்ள. பொய் சொன்னேன். மருந்து வச்சிருந்தோம்."

"எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?" என்றாள்.

"ஒரு மீனு மட்டும் வலையில இல்ல."

விடிந்தபோது ஸ்ரீரங்கத்துப் பெரிய கோபுரத்துக்குக் கிழக்கே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. நேற்றுவரை தன்னுடையதாக இருந்த மடுவின் கரையில் செல்லக்கண்ணு நின்றார். பக்கத்தில் அடைக்கலம், மடுவை ஏற்றுக்கொள்ள வந்தவன், காதுகுத்துச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. அடைக்கலத்தின் மடுவில் லின்சி நின்றாள். ராசாத்தி கையில் போன்.

பாலத்து மடுவிலிருந்து முதலில் பேச்சு வந்தது. "இங்க ஒண்ணும் இல்ல." கீழ் மடு, இல்லை. பனைமரத்து மடு, இல்லை. லின்சி மெதுவாகப் பேசினாள். "இங்கயும் இல்ல தாத்தா. புதுத் தடம்கூட இல்ல."

அடைக்கலம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "அம்பது இருந்தா ஒண்ணாச்சும் தெரியணுமே மாமா" என்றான். "அந்த ஒரு மீனுல நான் மருந்த நெறைய அமுக்கிட்டேனோ என்னவோ."

"வாய மூடு."

எதிரே நாணல் அசைந்தது. ஒரு தலை வந்தது. பின்னாலேயே இன்னொன்று. தண்ணீர் தளதளவென்று கொதித்தது; விரால் ஒன்று துள்ளி, துள்ளின இடத்திலேயே பிடிபட்டது. "என் மீனு" என்று அடைக்கலம் தன்னை மறந்து சொன்னான். சொன்னவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"எத்தனை தாத்தா?" போனில் லின்சி.

"நிக்க மாட்டேங்குது. முழுகறதும் வர்றதுமா இருக்கு. ஆறு."

"இன்னொரு தடவை எண்ணுங்க."

அடைக்கலமும் எண்ணினான். ஆறு. ராசாத்தியும் எண்ணினாள். ஆறு.

"எது இல்ல? குட்டியா, பெரிசா? பெரிசு ரெண்டும் இருக்கா?"

செல்லக்கண்ணு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வருஷக்கணக்காக அவர் பார்த்தது கிழிந்த வலையைத்தான். தாய் எது, தகப்பன் எது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. குட்டிகளும் வளர்ந்திருந்தன. தலை எல்லாம் ஒரே தலையாகத் தெரிந்தது.

"தெரியல புள்ள."

"வர்றேன். அதுவரைக்கும் கண்ண எடுக்காதீங்க."

அடைக்கலம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். "என் மடுவுக்கும் இதுக்கும் நடுவுல நாணல் இருக்குல்ல மாமா, நான் அதுக்குள்ள போய்ப் பாத்துட்டு வரேன். படுத்திருக்கும். ஒண்ணு படுத்திருக்கும்."

அவன் நாணலை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். அவன் நடக்கிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் செல்லக்கண்ணு மூச்சைப் பிடித்துக்கொண்டார்.