செலுலைட்டும் முழங்கால் பாமும்

அன்று காலையிலிருந்து ஸஹீதா மாமி ஐந்தாவது தடவையாக அழைத்தாள். பாமசியில் ஆட்கள் நின்றார்கள். ஷிஹான் ஒரு கையில் மருந்துச் சீட்டும் மறு கையில் போனுமாக, "என்ன மாமி?" என்றான்.

"உடனே வாங்க மகன். ஸாதியாக்குக் காவின் வேணாமாம்."

"ஏன்?"

"போன்ல சொல்ல ஏலாது."

கலியாணக் காவின் எழுதப் பதினெட்டு நாள் இருந்தது. உடுப்புக்கு அளவெடுக்க வந்த தையல்காரியை ஸாதியா அன்று காலை திருப்பி அனுப்பியிருந்தாள். ஷிஹான் கடையை மற்றவனிடம் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

அந்த வீட்டில் ஆறு வருடம் மூத்த மருமகனாக இருந்தவன். எட்டு மாதத்துக்கு முன் டெங்கு வந்து நாலே நாளில் அவன் மனைவி, ஸாதியாவின் ராத்தா றிஸ்லா மௌத்தானாள். அவன் உம்மா வீட்டுக்குத் திரும்பினான். ஊர் வாய்க்குப் பயந்து மாமி நடு அறை வாசலில் ஒரு திரைச்சீலையும் தொங்கவிட்டாள். ஸாதியா அதற்கு உள்ளே, அவன் வெளியே. பேச்செல்லாம் மாமி வழியாகத்தான்.

அவன் வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் மாமி குரலைத் தாழ்த்தினாள். "தொடையில குழி குழியா இரிக்காம். தோடம்பழத் தோல் மாதிரி."

"எப்ப இருந்து?"

"எப்ப இருந்து புள்ள?"

"பதினாறு வயசுல இருந்து," என்றது திரை.

"பதினாறு வயசுல இருந்தாம்."

"கேட்டிச்சு மாமி. அது செலுலைட். வருத்தமில்ல. பொம்புளைகள்ல பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல இரிக்கி. மெலிஞ்சவங்களுக்கும் வரும்."

"அப்படிச் சொன்னா அவ கேக்கமாட்டா மகன். சூடாக்கினாக் கொழுப்பு உருகுமெண்டு போன்ல ஒருத்தி காட்டினாவாம். இவ நோவுக்குத் தடவுற பாமப் பூசி, மேலால லஞ்ச் சீற்றச் சுத்திக்கொண்டு படுத்திரிக்கா."

சோற்றுப் பார்சல் கட்டும் பொலித்தீன் லஞ்ச் சீற். ஷிஹான் நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணித்தியாலம்," என்றது திரை.

"மூணு மணி..."

"கேட்டிச்சு மாமி! இப்ப எப்படி இரிக்கி?"

"கொப்புளிச்சிட்டு. உள்ளங்கை அளவுக்கு." மாமி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"அவ்வளவு பெரிசில்ல உம்மா. அதுல பாதி."

"உடைக்க வேணாம். ஒண்டும் பூசவும் வேணாம். இண்டைக்கே பொம்புள டொக்டரிட்டக் காட்டுங்க."

"அப்ப குழிக்கு?"

அதற்குத்தான் வந்திருக்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. புண் அல்ல, குழி.

கலியாண அறைக்குத் தைத்த புது மெத்தை சுவரில் சாய்ந்து நின்றது. அவன் அதைத் தட்டினான். "இஞ்ச பாருங்க மாமி. நூல் உள்ளுக்கு இழுக்குது. பஞ்சு வெளியால தள்ளுது. நூல் இரிக்கிற இடமெல்லாம் குழி. தோலுக்குக் கீழயும் இப்படித்தான் நார் இரிக்கி, நடுவுல கொழுப்பு. பாம் அங்க போகாது. கிரீமும் போகாது. உருவிவிட்டா ஒரு நாளைக்கு நல்லாத் தெரியும். தேகப்பயிற்சி செஞ்சாக் குறையும், முழுக்கப் போகாது."

மாமி மெத்தையை உற்றுப் பார்த்தாள். "நூல வெட்டினா?"

"வெட்டுறாங்க. கொழும்பில, ஊசியால. லேசரும் இரிக்கி. கிழமைக்கணக்கில கறுத்துக் கண்டிப்போகும். அதுக்குப் பிறகும் முழுக்கப் போகுமெண்டு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. பதினெட்டு நாளில முடியிற வேலையில்ல."

"கேட்டியா புள்ள? பதினெட்டு நாளில..."

"எனக்குக் காது கேக்கும் உம்மா!" திரை ஆடியது. "அப்ப மாப்புள கண்டுட்டு என்ன நினைப்பாரு?"

மாமி அவனைப் பார்த்தாள். அவன் மெத்தையைப் பார்த்தான். இதற்கு மருந்துக் கல்லூரியில் யாரும் பாடம் எடுக்கவில்லை.

"மச்சான்." இந்த முறை ஸாதியா நேரே கேட்டாள். "ராத்தாக்கும் இருந்திச்சா?"

"புள்ள!" என்று மாமி அதட்டினாள்.

எட்டு மாதமாக அந்த வீட்டில் யாரும் றிஸ்லாவைப் பற்றி அவனிடம் எதுவும் கேட்டதில்லை. எல்லாரும் பக்குவமாக ஒதுங்கிப் போனார்கள். அவனும்தான்.

"இருந்திச்சு," என்றான். "ரெண்டு கால்லயும்."

"கண்டீங்களா?"

"ஆறு வருஷம்."

"என்ன நினைச்சீங்க?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"கால் எண்டு நினைச்சன்."

உள்ளே மூக்கைச் சிந்துவது கேட்டது. சிரிப்பா அழுகையா, அவனுக்குத் தெரியவில்லை. மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அஞ்சு மணிக்கு டொக்டரிட்டப் போவம் உம்மா," என்றாள் ஸாதியா. "தையல்காரிய நாளைக்கு வரச் சொல்லுங்க. இடுப்புக்கு மேல மட்டும் அளந்தாக் காணும். புண் ஆறினாப் பிறகு மத்தது."

திரைக்கு அடியால் ஒரு கை நீண்டது. கசங்கிய லஞ்ச் சீற், அதன் மேல் முக்கால்வாசி காலியான பாம் போத்தல்.

மாமி குனிந்து போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது என்ட முழங்கால் பாமெல்லா! நாலு நாளாத் தேடுறன். மகன், கடையில வேற இரிக்கா?"

"இரிக்கி மாமி," என்று ஷிஹான் செருப்பைத் தேடினான்.