பூட்டுக்காரர் வாயே திறக்கவில்லை

கையையும் வாயையும் சும்மா வைத்திருப்பது இவ்வளவு பெரிய தண்டனை என்று பூட்டுக்காரருக்கு அதுவரை தெரியாது.

"அண்ணே, குத்தத்த நிரூபிக்க வேண்டியது அவங்க வேலை. நீ பேசாம இருக்கலாம், அது உன் உரிமை. கையையும் கட்டிக்கோ," என்று காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தாள் தங்கை. கறுப்புக் கோட்டு மாட்டிய பிறகு அவள் வாதாடும் முதல் வழக்கு இது. தோற்றால் அண்ணனுக்கு இரண்டு வருடம் உள்ளே.

கடிகாரக் கடையின் இரும்புப் பெட்டியை யாரோ உடைக்காமலே திறந்து நாலு கைக்கடிகாரங்களைச் சுருட்டியிருந்தார்கள். பூட்டுக்காரர் அந்தப் பக்கமே போனதில்லை. பார்த்த சாட்சி கிடையாது, கைரேகை கிடையாது. "சாவி இல்லாம இந்தப் பூட்டைத் திறக்க ஊர்லயே இவர் ஒருத்தராலதான் முடியும்!" அரசு வக்கீலின் மொத்த வழக்கும் இந்த ஒற்றைக் காலில்தான் நின்றது.

பூட்டின் உட்புறம் கீறலே இல்லை என்று காட்டப் பெட்டியை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னார் அவர். தூக்கி வந்த அவசரத்தில் குமாஸ்தா மூடியை அழுத்திவிட, பெட்டி பூட்டிக்கொண்டது. சாவியோ கடைக்காரர் வீட்டில்.

"அதான் ஆள் இருக்காரே, அவரே திறக்கட்டும்!" என்றார் அரசு வக்கீல் நக்கலாக.

பூட்டுக்காரர் பாதி எழுந்தேவிட்டார். தங்கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டு நீதிபதியைப் பார்த்தாள்.

"அம்மா, தனக்கு எதிரா தானே சாட்சியா நிக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது!"

"சரிதான். அவரை விடுங்க," என்றார் நீதிபதி அம்மா.

குமாஸ்தா குண்டூசியால் குடைந்தார். ஐயோ, மேலே குத்துகிறாரே! பூட்டுக்காரர் விரல்கள் தன்னால் துடிக்க, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"தள்ளுய்யா!" அரசு வக்கீல் கோட்டுக் கையைச் சுருட்டிவிட்டு, காகித கிளிப் ஒன்றை நிமிர்த்திக்கொண்டு களத்தில் இறங்கினார். மூக்கு நுனியில் வியர்வை. ஐந்து நிமிடம். க்ளிக்.

"திறந்துட்டேன்!"

குதித்தே விட்டார். கைதட்டலை எதிர்பார்த்துத் திரும்பினார். யாரும் தட்டவில்லை. தங்கை மட்டும் மெதுவாக எழுந்தாள்.

"ஊர்லயே ஒருத்தராலதான் முடியும்னீங்களே சார்?"

அவ்வளவுதான், கூடம் வெடித்தது. குமாஸ்தா மேசையில் கவிழ்ந்து குலுங்கினார். நீதிபதி கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார், கோப்பு ஆடியது.

விடுதலை என்ற சொல் காதில் விழுந்ததும் பூட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இப்பவாவது ஏதாவது சொல்றீங்களா?" என்றார் நீதிபதி.

பூட்டுக்காரர் தங்கையைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்தபடி தலையாட்டினாள்.

"வக்கீலய்யா அஞ்சு நிமிஷம் எடுத்துட்டாரும்மா. நானா இருந்தா அரை நிமிஷத்துல..."

தங்கை பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினாள்.