பிரிக்காத பொட்டலம்

அம்மாக்கண்ணுவின் வலது கையைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாரும் சும்மா தொடுவதில்லை. தொட்டால் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் விடுவார்கள். ஆறு வயதில் மாரியம்மன் முன்னால் பூப்பொட்டலம் எடுக்க உட்கார வைத்த கை அது. பெண்ணைக் கட்டிக் கொடுப்பதா, மாட்டை விற்பதா, வேறு தோட்டத்துக்குப் போய்விடுவதா, எதுவானாலும் பூசாரி வீரய்யா ஒரு வெள்ளைச் செவ்வந்தியையும் ஒரு சிவப்பு ரோசாவையும் தனித்தனியாக இலையில் மடித்து, நாரால் கட்டி, குலுக்கி அம்மன் காலடியில் போடுவார். இவள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். ஆத்தா தள்ளிவிட்டதைக் கிளறிப் பார்க்கிற துணிச்சல் யாருக்கு வரும்? எடுத்தவளே அதைக் கொண்டுபோய் ஓடையில் விட்டுவிட வேண்டும். அவள் பெரிய மனுஷியானதும் வேறு பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்தார்கள். அந்த வாக்கு எதுவும் பலிக்கவில்லையாம். மறுபடி இவள் தலையிலேயே வந்து விடிந்தது.

சாமி பிள்ளை என்று ஊர் கொண்டாடுகிறது, சரி. அந்தப் பிள்ளை பட்ட பாடு ஊருக்கு என்ன தெரியும்? கண்ணை மூடியதும் இரண்டில் ஒரு பொட்டலம் மட்டும் ஓடைக் கல்லைப் போலச் சில்லென்றிருக்கும். இது வேண்டாம், மற்றதை எடு என்று எத்தனையோ தடவை மனசுக்குள் கத்திப் பார்த்திருக்கிறாள். கை கேட்காது. யாரோ மணிக்கட்டைப் பிடித்து நகர்த்துவது போல அதுபாட்டுக்குப் போய்ச் சில்லிட்டதை எடுக்கும். அப்புறம் விரல்கள் மரத்துக் கிடக்கும், பேனாகூடப் பிடிக்க வராது. அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது, லயத்தில் அடுத்த அறையான பக்கத்துக் காம்பிராவில் இருந்த மீனம்மா காய்ச்சலில் அனத்திய கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். சிவப்பு வந்தது. குழந்தை விடிவதற்குள் போய்விட்டது. மீனம்மா ஒரு வார்த்தை ஏசவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறாள். நாலு வசவு வைதிருந்தால்கூட அம்மாக்கண்ணுவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அட்டன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்த சிவபாதம் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒருநாள் ஏதோ ஆங்கிலப் பத்திரிகையைக் கொண்டுவந்து ஒரு படத்தைக் காட்டினார். ஓர் அறை நிறைய இரும்பு அலுமாரிகள். கம்ப்யூட்டர் என்று பெயராம். அதற்கு ஆம், இல்லை என்ற இரண்டைத் தவிர வேறொன்றும் தெரியாது, அந்த இரண்டையும் வைத்தே எந்தக் கணக்கையும் போட்டுவிடும் என்றார். வகுப்பு சிரித்தது. அம்மாக்கண்ணுவுக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. வெள்ளை, சிவப்பு. தன்னைப் போல ஒன்றைச் சீமையில் இரும்பால் செய்து வைத்திருக்கிறார்கள்! வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, அது ஏன் அப்படிச் சொன்னது என்று நாம் கண்டுபிடிக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஓம் பிள்ளை. ஒவ்வொரு படியாப் பின்னுக்குப் போய்ப் பார்க்கலாம். அதுக்குள்ள ஒளிக்க ஒண்டும் இல்லை" என்றார் மாஸ்டர்.

அந்தப் படிப்பு இந்த நாட்டில் இன்னும் வரவில்லை, இப்போதைக்குக் கணிதம் படித்துக் கொழும்பு பல்கலைக்கழகத்துக்குப் போனால் அது வரும்போது நீர் அங்கே இருப்பீர் என்றார். இந்த ஆசை எதனால் என்றும் விசாரித்தார். கணக்கு நல்லா வருதுங்க சார் என்று சொல்லி வைத்தாள். பொய்யில்லை, ஆனால் அதுவா காரணம்? ஏன் சொன்னாய் என்று ஆத்தாவைக் கேட்க முடியாது. தன் கையையும் கேட்க முடியாது. கேட்டால் வந்த வழியைக் காட்டுகிற ஒன்றின் பக்கத்தில் ஒருநாளாவது உட்கார வேண்டும். அவளுக்கு அது பசியைப் போல இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் தோட்டத்துச் சனத்தில் பாதியை இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள், சாஸ்திரி, சிறிமா ஒப்பந்தம் என்று தோட்டமே கலங்கிக் கிடந்தது. இந்தியாவுக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுப்பதா, இங்கேயே இருப்பதா? போனால் படிப்புக்கு முழுக்குத்தான். அப்பா செல்லசாமி, உன் படிப்புதான் பெருசு, எனக்குப் போக மனசே இல்லை என்று வாய்க்கு வாய் சொன்னார். இருந்தாலும் ஆத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றார். வியாழக்கிழமை அவள் பள்ளி விட்டு வரும்போது, அப்பாவும் வீரய்யாவும் கோயில் பின்னால் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவளைக் கண்டதும் பேச்சு நின்றது.

வெள்ளிக்கிழமை மாலை பனி கோயில் வாசல் வரை வந்து நின்றது. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு மீனம்மாவும் வந்திருந்தாள். போகலாமா என்று அப்பா கேட்டார். வெள்ளை என்றால் கப்பல். அம்மாக்கண்ணு கண்ணை மூடிக் கையை நீட்டினாள். கை நகரவில்லை. ஒன்றைத் தொட்டாள், சில்லென்றது. மற்றதைத் தொட்டாள், அதுவும் சில்லென்றது. இப்படி இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது. எந்தத் தடவை என்று ஞாபகம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டு, பிறகு மறுபடி நீட்டினாள். ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வீரய்யா பிரித்தார். வெள்ளைச் செவ்வந்தி. அப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அழுதார். விழுவதற்கு முன் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. அதை அவள் பார்த்துவிட்டாள். அப்பா மேல் வந்த கோபத்தில் அவரைத் தூக்கிவிட அவள் குனியவில்லை.

மிஞ்சிய பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினாள். பனியில் தண்ணீர் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் காலடி கேட்டுத் திரும்பினாள். மீனம்மா.

"இதப் பிரிக்கப் போறேன் அக்கா. அன்னைக்கும் ரெண்டும் இப்புடித்தான் சில்லுனு இருந்துச்சு. ஒங்க புள்ளைக்கி எடுத்த அன்னைக்கி."

மீனம்மா சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வழக்கமாகக் கண்ணில் ஒற்றுகிற பிடியில்லை, இறுக்கமான பிடி.

"செவப்பா இருந்தா சரிதான் கண்ணு, ஆத்தா சொன்னதுதான். இதுவும் வெள்ளையா இருந்துச்சுன்னா அன்னைக்கி ரெண்டையும் செவப்பாத்தானே கட்டிப் போட்டிருப்பாங்க? அப்ப நான் இத்தன வருசமா யாருகிட்டப் போயி அழுதுகிட்டு இருந்தேன்?"

மேலே அப்பா, அம்மாக்கண்ணு என்று கூப்பிடுவது பனிக்குள்ளிருந்து கேட்டது. பிரிக்க வேண்டாம், விட்டுவிடுவோம் என்று நினைத்துத் தண்ணீர்ப் பக்கம் குனிந்தாள். பிடி தளரவில்லை. அம்மாக்கண்ணு தன் கையைப் பார்த்தாள். மீனம்மாவின் இன்னொரு கை பொட்டலத்தின் மேல் இருந்தது. கொழுந்துக் கறை ஏறிய கட்டைவிரல் நகம், நார் முடிச்சைத் தேடி நெருடிக்கொண்டிருந்தது.