கோப்பை மேல் கை

“காபி ஊத்துறத விட்டா உனக்கு வேற பிரசாரமே தெரியாதாடி?” என்று வெர்னா ஒருமுறை தன் தோழி மார்லிஸைக் கேட்டாள். அது மார்லிஸின் முதல் தேர்தல். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அந்த ஊர்த் தேவாலய விருந்தில் அரசியல் பேசக் கூடாது. ஓட்டு கேட்கவே கூடாது. ஆனால் வேட்பாளர் காபி ஜக்கைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போகலாம். கோப்பையை நீட்டினால் நம் ஆள். இப்படி ஊற்றி ஊற்றியே மார்லிஸ் மூன்று முறை அமெரிக்காவின் மினசோட்டா மாநில மேலவையான செனட்டுக்குப் போயிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை நான்காவது தேர்தல். தொகுதியின் மற்ற ஊர்களெல்லாம் எதிராளி டிராய் பக்கம் சாய்ந்துவிட்டன. இந்த ஊர் கைகொடுத்தால்தான் கரையேற முடியும்.

அதற்கு முந்தைய ஞாயிறு மதிய விருந்தில், முதல் மேசையிலேயே கிழவர் கிளேட்டன் உள்ளங்கையால் கோப்பையை மூடினார்.

“போதும்மா, இப்பத்தான் குடிச்சேன்.”

கோப்பை காய்ந்து கிடந்தது.

“பொய் சொல்றீங்க கிளேட்டன்.”

“வயசாச்சுல்ல. குடிக்காததும் குடிச்ச மாதிரியே இருக்கு.”

பக்கத்திலிருந்தவர்கள் தட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் கைகளும் கோப்பைகளின் மேல்தான் இருந்தன.

காரணம் அவளுக்குத் தெரியும். இந்த ஊர் முதியோர் இல்லத்துக்கான நிதியை வெட்டிய பட்ஜெட்டுக்கு அவளும் ஓட்டுப் போட்டிருந்தாள். கட்சி சொன்னது, போட்டாள். இல்லத்தைப் பூட்டிவிட்டார்கள். அங்கே பேச்சுப் போய்ப் படுத்திருந்தவர் வெர்னாவின் கணவர் ஓரின். அவரை இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள வேறோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

கடைசி மேசையில் வெர்னா தனியாக இருந்தாள். கோப்பையை நீட்டவில்லை; மூடவும் இல்லை. மார்லிஸ் ஊற்றினாள்.

“ரோடு எப்படி இருக்கு?”

“ஒரே பனி. காலையில அவரைப் பாக்கக் கெளம்பி, பாதியில திரும்பிட்டேன்.”

“என்மேல கோவமா?”

வெர்னா ஒரு வாய் குடித்தாள். “கோவம் இருந்தா உன் காபியைக் குடிப்பேனா? உக்காந்து சாப்பிடு. மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு.”

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கூடத்தின் மறுகோடியில் டிராய் ஜக்கோடு வந்து நின்றான். கிளேட்டனின் கோப்பை முதலில் நீண்டது. பிறகு அந்த மேசை முழுக்க நீண்டது.

மார்லிஸ் வெர்னாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குத்தானே போடுவ? சொல்லு வெர்னா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு. நீ சொன்னா இவங்க கேப்பாங்க.”

முள்கரண்டிச் சத்தம் நின்றது. டிராய்கூட ஊற்றுவதை நிறுத்தினான்.

“மார்லிஸ், இங்க வேணாம்மா,” என்றார் கிளேட்டன், கெஞ்சுகிற குரலில்.

“நான் ஜெயிச்சா ஓரினை இங்கேயே கொண்டுவரேன்டி. சத்தியமா. ஒரே ஒரு வார்த்தை சொல்லு.”

கணவர் பெயரைக் கேட்டதும் வெர்னாவின் முகம் இறுகியது. மார்லிஸின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசைமேல் வைத்தாள். கோட்டை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டாள். தலைகுனிந்திருந்த மேசைகளுக்கு நடுவே நடந்து, கதவைத் திறந்து பனிக்குள் இறங்கிப் போனாள்.