அரைக்காத மெஷின்

எங்கள் செருப்புக் கம்பெனி வாசலில், வெட்டி மிஞ்சும் ரப்பரை அரைத்து மறுபடி அடிப்பாகம் செய்வதாகப் பெரிய பலகை இருக்கிறது. அரைக்கும் மெஷினும் இருக்கிறது, வந்த நாளில் போட்ட உறையோடு. மிஞ்சியதையெல்லாம் பின்சுவருக்கு அப்பால் எரிக்கிறார்கள். அங்கேதான் என் வீடு. தங்கச்சி மகளுக்கு இருமல் நின்றபாடில்லை.

அன்று ஆர்டர் கொடுப்பவர்கள் பார்க்க வந்தார்கள். மேனேஜர் உறையை உருவிவிட்டு, ஒரு மூட்டை ரப்பர் துண்டுகளோடு என்னை மெஷின் பக்கத்தில் நிறுத்தினார்.

"சிரிச்சுக்கிட்டே நில்லு. வாயத் திறந்தா வேலை காலி."

சிரித்தேன். போட்டோ எடுத்தார்கள்.

"ஒரு துண்டுகூட வீணாகாது" என்று மேனேஜர் அளந்துகொண்டிருந்தபோதே மூட்டையை மெஷினுக்குள் கொட்டிப் பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

வந்தவர்களில் ஓர் அம்மா குனிந்து பார்த்தார். "என்னங்க, வயரே இல்ல?"

"போட்டோவுக்கு எதுக்கும்மா வயரு? எல்லாத்தையும் எங்க வீட்டு ஜன்னலுக்குக் கீழதான் எரிக்கிறாங்க. வாங்க, காட்டுறேன்."

"நாளைல இருந்து நீ கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது!" என்று பல்லைக் கடித்தார் மேனேஜர்.

"வைக்கல சார். உங்க புகையும் என் வீட்டுக்குள்ள வரக் கூடாது."

அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு பின்சுவரை நோக்கி நடந்தேன், மேனேஜர் சொன்னபடியே சிரித்துக்கொண்டு.